பழுது பார்த்த பிறகும் எரியும் எஞ்சின் விளக்கு

பழுது பார்த்து எடுத்துவந்த வண்டியில் எஞ்சின் விளக்கு மறுபடி எரிந்தால், நடந்திருப்பது மூன்றில் ஒன்று. முதலில் இருந்த பழுது தீரவே இல்லை. எஞ்சின் கணினி பதிந்துவைத்த பழுதுக் கோடை மட்டும் அழித்து அனுப்பியிருக்கிறார்கள். அல்லது அது தீர்ந்து, அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த வேறொன்று வெளியே வந்திருக்கிறது. அல்லது வேலை பார்க்கும்போது ஒரு ஓஸோ கப்ளரோ சரியாக மாட்டப்படாமல் போய், புதிதாக ஒரு பழுது சேர்ந்திருக்கிறது. இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொள்ளாமல், "அந்த சென்ஸாரையும் மாத்திப் பார்த்துடலாம் சார்" என்ற பேச்சுக்குத் தலையாட்டிவிடுவதால்தான் இரண்டாயிரத்தில் முடியவேண்டிய வேலை இருபதாயிரத்தில் போய் நிற்கிறது. பாகத்தை மாற்றுவதற்கு முன் எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது, எதை எழுதி வைப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஓட்டலாமா, நிறுத்தலாமா

மஞ்சள் விளக்கு சீராக எரிகிறது, வண்டி வழக்கம்போல் இழுக்கிறது, சூடு காட்டும் முள் ஏறவில்லை என்றால் பதறவேண்டாம். மிதமான வேகத்தில் வீட்டுக்கோ ஒர்க்‌ஷாப்புக்கோ போய்ச் சேரலாம்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் நிலைமை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் கலவை எரியாமலே வெளியே போகிறது, கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. சூடு எல்லை மீறினால் உள்ளே இருக்கும் பீங்கான் அடுக்கு உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு காயிலோடு முடிந்திருக்கவேண்டிய செலவு கன்வெர்ட்டர் வரைக்கும் போவது இப்படித்தான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டுங்கள். மின்னுவது நிற்காவிட்டால் வண்டியை இழுத்துக்கொண்டு போக ஆள் வரவழையுங்கள். சிவப்பு நிற ஆயில் விளக்கு எரிந்தால் அது இந்த அத்தியாயத்துக்குள் வராது. அப்போது எஞ்சினை அந்த நொடியே அணைக்கவேண்டும்.

அழிக்கும் முன் எழுதுங்கள்

இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு ஓபிடி-2, அதாவது வண்டி தன் பழுதைத் தானே கண்டறிந்து கோடாகப் பதியும் ஏற்பாடு, கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தின் அருகில், 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். செல்போனோடு ப்ளூடூத்தில் பேசும் சிறிய ஸ்கேனர்கள் ஆயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கின்றன. கார் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஸ்டெப்னியோடு இதையும் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாதாரணக் கோடுகளைப் படிக்க அதுவே போதும். கம்பெனிக்கே உரிய சில கோடுகளுக்கும், ஏர்பேக், பிரேக் சமாசாரங்களுக்கும் மட்டும் பெரிய ஸ்கேனர் வேண்டும்.

ஸ்கேனர் இல்லாவிட்டாலும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மெக்கானிக் தன் கருவியை மாட்டியதும், "அண்ணே, அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். எந்த நல்ல மெக்கானிக்கும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அழிக்கும் பொத்தானை அமுக்கினால் கோடு மட்டும் போவதில்லை. பழுது தெரிந்த அந்த நொடியில் எஞ்சின் என்ன நிலையில் இருந்தது என்ற பதிவும் சேர்ந்தே போகிறது. அதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். வண்டி எத்தனை வேகத்தில் போனது, எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் சுற்றியது, கூலன்ட் சூடு எவ்வளவு, எஞ்சின்மேல் பளு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் சிக்னலில் நிற்கும்போது வந்த பழுதும், பைபாஸில் 90-ல் போகும்போது வந்த பழுதும் ஒரே கோடைக் காட்டலாம். காரணம் ஒன்றாக இருக்காது. பழுது எப்போது வருகிறது என்று தெரியாமல் ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும் வண்டியைச் சோதித்தால், "இப்ப எல்லாம் நார்மலா இருக்கே" என்ற பதில்தான் கிடைக்கும்.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் இதே அழிப்புதான் நடக்கும். சிலர் அதை வைத்தியம்போலச் சொல்லித் தருகிறார்கள். அது தடயத்தை அழிக்கும் வேலை, வைத்தியம் அல்ல.

ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, கிலோமீட்டர், கோடு எண், ஃப்ரீஸ் ஃப்ரேம் எண்கள், அன்று என்ன வேலை நடந்தது, எந்த பங்க்கில் பெட்ரோல் போட்டது. இரண்டாவது முறை விளக்கு எரியும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

எத்தனை நாளில் திரும்பி வந்தது

பலரும் கவனிக்காமல் விடும் தடயம் இது. எஞ்சின் கணினி எல்லாவற்றையும் எல்லா நேரமும் சோதிப்பதில்லை.

ஒரு சென்ஸாரின் வயர் அறுந்திருந்தால் சாவியைத் திருப்பியவுடனேயே கணினிக்குத் தெரிந்துவிடும். கோடை அழித்துவிட்டு எஞ்சினைக்கூடக் கிளப்பாமல் சாவியை ஆனில் வைத்தபோதே கோடு திரும்பி வருகிறதென்றால், நீங்கள் தேடவேண்டியது வயர், கப்ளர், ஃபியூஸ், எர்த். எஞ்சினுக்குள் எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

மிஸ்ஸிங்கும் பெட்ரோல்-காற்று விகிதமும் வண்டி ஓட ஓட இடைவிடாமல் பார்க்கப்படுபவை. ஆனால் பெரும்பாலான கோடுகள் ஒரே ஓட்டத்தில் விளக்கை ஏற்றுவதில்லை. முதல் முறை தவறு தெரிந்ததும் கணினி அதைச் சந்தேகப் பட்டியலில் வைக்கும். ஸ்கேனரில் இது பெண்டிங் என்று தெரியும். அடுத்த ஓட்டத்திலும் அதே தவறு தெரிந்தால்தான் விளக்கு எரியும். ஆகவே இந்த வகைப் பழுது ஓரிரு நாளில் திரும்பும்.

கன்வெர்ட்டர் சோதனை, ஆக்சிஜன் சென்ஸார் சோதனை, இஜிஆர் சோதனை போன்றவை இன்னும் பொறுமையானவை. எஞ்சின் நன்றாகச் சூடேறி, குறிப்பிட்ட வேகத்தில் கொஞ்ச நேரம் சீராக ஓடினால்தான் இவை நடக்கும். தி.நகர் நெரிசலில் மட்டும் ஓடும் வண்டியில் இந்தச் சோதனை பல நாள் நடக்காமலே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுப் பக்கம் போய்வந்த அன்று விளக்கு எரியும். "பத்து நாள் நல்லாத்தான் ஓடிச்சு, ஹைவேயில போனதும் கெட்டுப்போச்சு" என்று நமக்குத் தோன்றும். பத்து நாளும் அது கெட்டுத்தான் இருந்தது; சோதனை அன்றுதான் நடந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. பழுது உண்மையிலேயே தீர்ந்திருந்தால், யாரும் அழிக்காமலே, பொதுவாகத் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தவறு தெரியாதபோது விளக்கு தானாக அணையும். கோடு நினைவில் தங்கியிருந்து, எஞ்சின் சுமார் 40 முறை சூடேறி ஆறிய பிறகு மறையும். அவசரம் இல்லாத இடத்தில், அழிக்காமல் தானாக அணைகிறதா என்று காத்திருப்பது நேர்மையான பரிசோதனை.

கோடு சொல்வது அளவை, பாகத்தை அல்ல

பி0171 என்ற கோடை எடுத்துக்கொள்வோம். கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பதே அதன் பொருள். எந்தப் பாகமும் கெட்டுவிட்டதாக அது சொல்லவில்லை. ஆனாலும் இந்தக் கோடைப் பார்த்தவுடன் மாற்றப்படுவது பெரும்பாலும் ஆக்சிஜன் சென்ஸார். காற்று அதிகமாக இருக்கிறது என்று உண்மையைச் சொன்ன சென்ஸாரையே தூக்கிப்போடுகிறோம்.

கிளட்ச் மாற்றிய ஒரு வண்டி என்று வைத்துக்கொள்வோம். கியர் பாக்ஸை இறக்க ஏர் ஃபில்டர் பெட்டி, பேட்டரி, சில ஓஸ்கள், சில வண்டிகளில் முன் புகைக்குழாய் எல்லாம் கழன்று மறுபடி ஏறியிருக்கும். மூன்று நாளில் பி0171. இங்கே கேட்கவேண்டிய முதல் கேள்வி, எது கெட்டது என்பது அல்ல. எதெல்லாம் கழன்று மாட்டப்பட்டது என்பதே.

ஸ்கேனரில் ஃபியூவல் ட்ரிம் என்று இரண்டு எண்கள் ஓடும். ஆக்சிஜன் சென்ஸாரின் பேச்சைக் கேட்டு கணினி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைக் காட்டுபவை. குறுகிய கால எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நீண்ட கால எண்தான் வண்டியின் பழக்கத்தைச் சொல்லும். கூட்டலிலோ கழித்தலிலோ 10 வரை இருந்தால் பெரிய கவலை இல்லை. கூட்டல் 25-ஐ நெருங்கும்போது பல வண்டிகளில் இந்தக் கோடு விழும்.

எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலில் இரண்டு எண்களையும் பாருங்கள். பிறகு 2,500 ஆர்பிஎம்மில் சற்று நேரம் நிறுத்தி மறுபடி பாருங்கள். ஐடிலில் கூட்டல் 22, வேகம் கூட்டியதும் கூட்டல் 4 என்று இறங்கினால், ஏர் ஃப்ளோ சென்ஸாருக்குப் பின்னால் எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஓட்டை வழியே வரும் காற்றின் அளவு பெரிதாக மாறுவதில்லை. எஞ்சின் குறைவாகக் காற்று இழுக்கும் ஐடிலில் அது பெரிய பங்கு, நிறைய இழுக்கும்போது சிறிய பங்கு. கிளாம்ப் இறுக்காத ஓஸ், மடிப்பில் வெடித்த ரப்பர் பைப், மாட்ட மறந்த பிரீதர் குழாய், சரியாக அமராத ஆயில் டிப்ஸ்டிக் என்று தேடுங்கள். மாறாக ஐடிலில் எண் நன்றாக இருந்து, மேட்டில் ஏறும்போதோ ஓவர்டேக் செய்யும்போதோ ஏறினால், பெட்ரோல் போதவில்லை. பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்ஸார் ஆகியவை அப்போது சந்தேகத்துக்குரியவை.

இதில் ஓர் எச்சரிக்கை. நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் ஏர் ஃப்ளோ சென்ஸார் கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்ஸார்தான் இருக்கிறது. அந்த வண்டிகளில் திருட்டுக் காற்றும் அழுத்தக் கணக்கில் சேர்ந்துவிடுவதால் ட்ரிம் எண் இப்படித் தெளிவாக ஏறாது. ஐடிலிங் ஏறி நிற்பதுதான் அடையாளம். அங்கே பி0171 வந்தால் பெட்ரோல் அழுத்தம், அடைத்த இன்ஜெக்டர், புகைக்குழாய் ஒழுக்கு ஆகியவற்றை முதலில் பாருங்கள். புகைக்குழாய் ஒழுக்கு எந்த வண்டியையும் ஏமாற்றும். ஆக்சிஜன் சென்ஸாருக்கு முன்னால் பழைய கேஸ்கெட்டையே போட்டு இறுக்கியிருந்தால், புகை வெளியே துப்பப்படும் இடைவெளிகளில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். கலவை சரியாகவே இருந்தாலும் சென்ஸார் காற்று அதிகம் என்று சொல்லும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஸ்மோக் டெஸ்ட் கேளுங்கள். மெல்லிய அழுத்தத்தில் புகையை உள்ளே செலுத்தினால் ஓட்டை இருக்கும் இடத்தில் அது நூலாகக் கிளம்பும். ஓடும் சூடான எஞ்சின்மேல் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துத் தேடுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. தீப்பிடிக்கும் வழி அது. அனுமதிக்காதீர்கள்.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் சொல்லவேண்டும். எத்தனாலுக்கு எரிய வேண்டிய காற்று குறைவு. அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். அதனால் பழைய வண்டிகளில் ட்ரிம் எண் சில விழுக்காடு ஏறுவது இயல்பு. அது ஒன்றே விளக்கை ஏற்றிவிடாது. ஏற்கெனவே சிறிய ஒழுக்கோடு விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை அது தள்ளிவிடலாம். "எல்லாம் பெட்ரோல் கோளாறு" என்று பழியைப் போட்டு ஒழுக்கை விட்டுவிடக்கூடாது. வெளிக்கடையில் மாட்டிய சிஎன்ஜி கிட் உள்ள வண்டியென்றால் முதலில் பெட்ரோலில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். கோடு வரவில்லையென்றால் போகவேண்டிய இடம் கிட் மாட்டிய கடை.

மிஸ்ஸிங் கோடுக்கு ஒரு காசில்லாச் சோதனை

பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். காயில் ஒவ்வொரு பிளக்கின்மேலும் தனித்தனியாக உட்காரும் வண்டியில், இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றி மாட்டி ஓட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில் குற்றவாளி. மாறாவிட்டால் காயில் நல்லது. அதேபோல் பிளக்கை இடம் மாற்றலாம். இரண்டும் நல்லவை என்றால் இன்ஜெக்டர், அதன் பிறகு கம்ப்ரெஷன் டெஸ்ட். புது பிளக் போட்ட மறுநாளே மிஸ்ஸிங் வந்தால் பிளக்கின் பீங்கான் விரிசலையும் இடைவெளியையும் பாருங்கள். போலி சரக்காகவும் இருக்கலாம். சென்னை ஜி.பி. ரோட்டில் ஆனாலும் உங்கள் ஊர்க் கடையில் ஆனாலும், சென்ஸார், காயில், பிளக் மூன்றையும் பில்லோடு மட்டுமே வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய கதவும் பம்பரும் வாங்கலாம். பழைய ஆக்சிஜன் சென்ஸார் வாங்கவே வாங்காதீர்கள்.

மிஸ்ஸிங் சரியான சில வாரத்தில் பி0420 வருவதுண்டு: கன்வெர்ட்டரின் திறன் குறைவு. மிஸ்ஸிங்கோடு நெடுநாள் ஓட்டியதில் கன்வெர்ட்டர் அடிபட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதற்காக உடனே மாற்ற ஒப்புக்கொள்ளவேண்டாம். புகைக்குழாய் ஒழுக்கு இல்லை, மிஸ்ஸிங் இல்லை, எஞ்சின் ஆயில் குடிக்கவில்லை என்று மூன்றும் உறுதியாகட்டும். பிறகு கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்ஸாரின் வோல்டேஜைப் பாருங்கள். முன் சென்ஸார் பழைய வகையாக இருந்தால் அது 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விரைவாக ஊசலாடும்; பின் சென்ஸார் 0.6, 0.7 என்று அமைதியாக நிற்கவேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஊசலாடினால் கன்வெர்ட்டர் தீர்ந்துவிட்டது. புதிய வண்டிகளில் முன் சென்ஸார் வேறு வகை, அங்கே பின் சென்ஸாரின் அமைதியை மட்டும் பார்த்தால் போதும்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் கழற்றிய கன்வெர்ட்டருக்குக் கணக்குக் கேளுங்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன; பழைய விலைக்கு வாங்க ஆள் உண்டு. அந்தப் பணம் உங்களுடையது.

வேலை பார்த்த கை விட்டுச் சென்றவை

கியர் பாக்ஸிலோ பாடியிலோ திரும்ப மாட்டாத எர்த் வயர் ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத நாலைந்து கோடுகளைக் கொண்டுவரும். கோடுகள் கூட்டமாக வந்தால் ஒவ்வொன்றையும் துரத்தாமல் எர்த்தையும் பேட்டரியையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 13.5-லிருந்து 14.7 வோல்ட் வரை இருக்கவேண்டும். டைமிங் செயின் மாற்றிய பிறகு பி0016 வந்தால் செயின் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கவேண்டாம். த்ராட்டில் பாடியைக் கழுவிய பிறகு பல வண்டிகளில் ஐடிலைக் கணினிக்கு மறுபடி கற்றுத்தரவேண்டும். டீசல் வண்டியில் இன்ஜெக்டர் மாற்றினால் அதன் மேலுள்ள கோடு எண்ணைக் கணினியில் ஏற்றவேண்டும். பாகம் புதிது, பொருத்தியதும் சரி, ஆனாலும் இந்தக் கடைசி வேலை விட்டுப்போனதால் விளக்கு எரியும் வண்டிகள் நிறைய.

எலியை மறக்காதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் அசையாமல் நின்ற வண்டியில் வயரைக் கடித்திருக்கும். மழைநீரில் நின்ற வண்டியிலும், கடற்கரை ஊர்களிலும் கப்ளரைப் பிரித்து உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

டீசல் பிஎஸ்-6 வண்டியில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி தொடர்பான கோடு சர்வீஸுக்குப் பிறகும் திரும்புகிறது என்றால், ஓட்டும் விதத்தையும் பாருங்கள். தினமும் ஊருக்குள் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் புகைக்கரி எரிந்து தீர வாய்ப்பே இல்லை. வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் இருபது நிமிடமாவது சீராக ஓட்டுங்கள்.

பெட்ரோல் மூடியை இறுக்கினால் விளக்கு அணையும் என்ற அறிவுரை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே டேங்க்கிலிருந்து ஆவி கசிவதையும் வண்டி சோதிக்கவேண்டும் என்பது சட்டம். நம் விதிகள் ஐரோப்பிய முறையைப் பின்பற்றுபவை. இங்கே ஓடும் பெரும்பாலான கார்களில் அந்தச் சோதனை இல்லை. மூடியை இறுக்குங்கள், அதோடு தேடலை நிறுத்தாதீர்கள்.

பில் கட்டும் முன்

விளக்கு எரியவில்லை என்பது பழுது தீர்ந்ததற்குச் சான்று அல்ல. ஸ்கேனரில் ரெடினெஸ் என்ற பக்கத்தைத் திறந்தால் எந்தெந்தச் சோதனை முடிந்தது, எது முடியவில்லை என்று காட்டும். சற்று முன் கோடை அழித்திருந்தால் பலவும் முடியவில்லை என்றே இருக்கும். நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் சில நாள் ஓட்டுங்கள். உங்கள் பழுதுக்குரிய சோதனை முடிந்ததாகக் காட்டி, பெண்டிங்கில் எதுவும் இல்லாமல் இருந்தால்தான் வேலை முடிந்தது. இதை ஒர்க்‌ஷாப்பிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அந்த டெஸ்ட் முடிஞ்சு திரும்ப வரலைன்னாதான் வேலை முடிஞ்சுதுன்னு எடுத்துக்குவேன் அண்ணே."

ஜாப் கார்டில் கோடு எண்ணை எழுதச் சொல்லுங்கள். "செக் எஞ்சின் லைட் கம்ப்ளைன்ட்" என்று மட்டும் எழுதினால் பிறகு எதையும் நிறுவமுடியாது. எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், "எந்தச் சோதனையில இது கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். பதில் ஓர் எண்ணாகவோ, கண்ணால் காட்டக்கூடிய ஒன்றாகவோ இருந்தால் மாற்றுங்கள். "இந்த மாடல்ல எல்லாம் இதுதான் போகும்" என்றால் இன்னொருவரிடம் காட்டுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அதே கோடு, அதே காரணம், பணம் கட்டியும் தீரவில்லை, ஒர்க்‌ஷாப் கைவிரிக்கிறது என்றால், சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. கோடு எண் எழுதிய ஜாப் கார்டும், பில்லும், தேதியோடு எடுத்த போட்டோக்களும் அங்கே உங்கள் சான்றுகள்.